மூச்சு டீச்சரும் லிஃப்ட்காரரும்

பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. மூச்சு டீச்சர் என்றால்தான் தெரியும். வகுப்பில் அவள் வாயிலிருந்து எந்நேரமும் புறப்படும் சொல் அது. "மூச்சை முதல்ல எடு, பாட்டை அப்புறம் எடு" என்பாள். "தோளுக்கு ஏன் தூக்குறே? பயந்தவங்கதான் தோள்ல மூச்சு வாங்குவாங்க. வயித்துக்கு இறக்கு" என்பாள். மற்ற வகுப்புகளில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மூச்சு டீச்சர் வகுப்பில் மட்டும் அது நடக்காது என்று பிள்ளைகளுக்குள் ஒரு கேலி.

அவள் டீச்சராக வேண்டும் என்று கிளம்பியவள் அல்ல. பாட வேண்டும் என்று கிளம்பியவள். கூடப் படித்த தோழி ஒருத்தி, கண்ணாடியைச் சுண்டிவிட்ட மாதிரி குரல் அவளுக்கு, படிப்பு முடிந்த கையோடு பெரிய மேடைகளுக்குப் போய்விட்டாள். இவளுக்குக் கிடைத்தவை நூலக அரங்குகள், மதியக் கச்சேரிகள், மழைக்கு ஒதுங்கியவர்களே பாதிப்பேராக உட்கார்ந்திருக்கும் சின்ன மண்டபங்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனபோது அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்து சேர்ந்தாள். போனவர் திரும்பி வரவில்லை. வந்தவள் திரும்பிப் போகவில்லை.

வந்த பிறகுதான் தெரிந்தது, தனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கிறது என்று. தொண்டைக்குள் ஒடுங்கிக் கிடந்த ஒரு குரல் சட்டென்று தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்காரும் பாருங்கள், அந்தக் கணத்துக்காக அவள் எதையும் செய்வாள். ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஆள் வாட்டசாட்டமாக இருப்பாள், குரல் மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறது என்பது போல வரும். டீச்சர் சொல்லிப் பார்த்தாள், பாடிக் காட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள், "இந்தப் பியானோவைத் தள்ளிக்கிட்டே பாடு" என்றாள். அந்தப் பெண் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள். பியானோ நகர்ந்தது. அதோடு குரலும் நகர்ந்து வெளியே வந்தது. பக்கத்து அறையில் இசை வரலாறு நடத்திக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோவென்று எழுந்து வந்துவிட்டார். வகுப்புக்குப் பியானோ வாசிப்பவர் ஒரு நெடிய ஒல்லியான மனிதர், காலை எந்நேரமும் ஆட்டிக்கொண்டிருப்பதால் பெடல் சார் என்று பெயர். அவர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சர், பிள்ளைக்குச் சுருதி சேர்ந்துடுச்சு. என் பியானோவுக்குப் போயிடுச்சு."

சுருதி விஷயத்தில் அவள் காது கத்தி. குளிர்பதனப் பெட்டி எந்தச் சுரத்தில் முனகுகிறது, தெருவில் போகும் பேருந்து எந்தச் சுரத்தில் ஹாரன் அடிக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவாள். யாராவது ஒரு மயிரிழை விலகிப் பாடினால் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி முகம் சுருங்கும். மறைக்கப் பார்ப்பாள், முடியாது.

அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது சங்கீத வாடையே படாத ஒரு மனிதரை.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே அவள் ஒருத்திதான். வெளியிலிருந்து ஓர் ஆண்குரல், "பயப்படாதீங்கம்மா, ஆள் வந்தாச்சு. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, இல்லன்னா பாடுங்க. சத்தம் கேட்டாத்தான் எனக்கும் தைரியமா இருக்கும்" என்றது. அவள் பாடினாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது, அதுவும் முடிந்து இன்னொன்று. கடைசியில் கதவு திறந்தபோது அவர் கருவிப் பையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் படியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"சரி பண்ணி ரொம்ப நேரமாச்சுங்க. நடுவுல நிறுத்தக் கூடாதேன்னு இருந்தேன்" என்றார்.

திட்டலாமா சிரிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது என்றும், கல்யாணம் ஆனதும் குணமாகிவிட்டது என்றும் பெடல் சார் இன்றைக்கும் சொல்வார்.

அவளுடைய கச்சேரி எதையும் அவர் விட்டதில்லை. சுடுதண்ணீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசை ஓரத்தில் உட்காருவார். பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க அவரிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது. "இன்னைக்கு ஒருத்தர்கூட இருமல" என்பார் வீட்டுக்கு வரும்போது. "போன தடவை ரெண்டாவது பாட்டுல நல்லா இருமினாங்க. நீ அதைக் கொஞ்சம் பாத்துக்க." வேடிக்கை என்னவென்றால், அவர் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

ஆனால் அவரே பாடினால் கதை வேறு. சுருதியோடு அவருக்கு ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் சமையலறையில் ஏதோ முணுமுணுத்தவரைப் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பாடணும்னா குளியலறையில பாடுங்க, குழாயைத் திறந்து விட்டுட்டு." அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு அவள் காதுபடப் பாடுவதை விட்டுவிட்டார். அதை இருவருமே ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள்.

மகள் பிறந்த பிறகு, அவள் கச்சேரிக்குப் போகும் மாலைகளில் குழந்தையைத் தூங்கவைப்பது அவர் பொறுப்பு. ஒருமுறை கச்சேரி ரத்தாகிச் சீக்கிரம் வந்தவள், அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருவதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். மேலே ஏறுவது போலவும் இல்லாமல் கீழே இறங்குவது போலவும் இல்லாமல், வழி தெரியாதவன் தெருத் தெருவாகப் போவது போல ஒரு ராகம். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். "குழந்தைக்குச் சுருதியே வராமப் போயிடும்" என்று பிறகு சொன்னாள். சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான். மகள் அப்பாவின் காதை அச்சு அசலாக வாங்கிக்கொண்டு பிறந்திருந்தாள். படித்துப் பல் மருத்துவராகி வேறு ஊரில் இருக்கிறாள்.

இப்படியே வருடங்கள் ஓடின. பிள்ளைகள் வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். சிலர் பெரிய இடங்களுக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டார்கள். சிலர் வங்கியிலும் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடினார்கள். இரண்டு வகைப் பிள்ளைகளும் அவளுக்கு ஒன்றுதான். அவள் குரல் மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் மேல் சுரங்களின் பளபளப்பு குறைந்தது. கீழே, அடிக்குரலில், அதுவரை இல்லாத ஓர் ஆழமும் கதகதப்பும் வந்து சேர்ந்தன. அவளே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் பாடிக் காட்டும்போது பெடல் சார்தான் காலாட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தின் பெரிய வாத்தியக் குழுவை நடத்துபவர் அவளைத் தேடி வந்தார். அவளிடம் படித்த ஒரு பையனின் பாட்டைக் கேட்டுவிட்டு, இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர், கதவுக்கு வெளியே நின்று அவள் பாடிக் காட்டுவதைக் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து சுற்றி வளைக்காமல் கேட்டார். முழு வாத்தியக் குழுவோடு, தாழ்ந்த பெண்குரலுக்காகவே எழுதப்பட்ட நீண்ட பாடல், பெரிய மண்டபம், அவள் பாடுவாளா?

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்துக் கணவர் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னாள். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைக்காமலே வந்து அவள் தலையில் வைத்தார். ஈரம் அவள் நெற்றியில் இறங்கியது.

"அவ்வளவு பெரிய மண்டபத்துல இருமலை எண்ண நான் ஒருத்தன் போதாதே" என்றார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் போயிருக்கும். ஒரு காலை நேரம். வேலைக்குக் கிளம்பக் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் ஏதோ சொன்னார். அடுத்த அறையில் இருந்த அவள் காதில் வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் சரியாக விழுந்தது. உள்ளே வார்த்தைகள் இல்லை, வெறும் கூழ். ஓடி வந்து பார்த்தபோது அவர் கயிற்றைப் பிடித்த வலது கை தானாக அவிழ்ந்து விழுவதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனை, ஊசி, அவசரப் பிரிவின் பிளாஸ்டிக் நாற்காலிகள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மூளையின் இடப்பக்கம் ரத்தம் அடைத்திருந்தது. வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. அவை மெல்லத் தேறும் என்றார்கள். பேச்சைப் பற்றி மட்டும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்தது. யார் வந்தது, யார் போனது, எந்த மருந்து எப்போது, எல்லாம். ஆனால் வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்.

"அது."

தண்ணீர் வேண்டும் என்றாலும் அது. ஜன்னலைச் சாத்து என்றாலும் அது. வீட்டுக்கு வந்த பிறகும் அதுவேதான். அவள் ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்பாள். இல்லை என்று தலையாட்டி ஆட்டிக் கடைசியில் "அது, அது, அது" என்று குரல் உயர்ந்து, பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எத்தனையோ வருடங்களாகச் சிரித்த முகமாகவே பார்த்துப் பழகியவள், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பாள்.

பல்கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்தாள். வாத்தியக் குழுவை நடத்துபவரிடம் முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அவர், "இப்போதைக்கு வேற யாரையும் கேக்கப் போறதில்லை. நீங்க அவரைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து போனாள். பட அட்டைகளைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள். ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "நீங்க பாடறவங்கதானே டீச்சர்? சில பேருக்குப் பேச்சா வராதது பாட்டா வரும். வார்த்தை எங்கயும் போயிடல, வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. பாட்டு வேற வழியா வரும். அவருக்குத் தெரிஞ்ச பாட்டா எடுத்து, கூடப் பாட வெச்சுப் பாருங்களேன்" என்றாள்.

அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பாட்டுதானே? இந்த வீட்டில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பாட்டுக்கா பஞ்சம்? அன்றே ஆரம்பித்தாள். லிஃப்டுக்குள் பாடியதிலிருந்து கடைசியாக மேடையில் பாடியது வரைக்கும் ஒன்று விடாமல் பாடினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். சில பாட்டுக்குக் கண் கலங்கியது. நல்ல கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். ஆனால் உதடு அசையவில்லை. ஒரு சொல் வரவில்லை. வாரக் கடைசியில் அவள் தொண்டை கட்டிப்போனது.

"இத்தனை வருஷமாக் கேட்டவருங்க. ஒரு வரிகூடவா வராது?" என்றாள் பயிற்சிப் பெண்ணிடம்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "கேட்ட பாட்டு இல்ல டீச்சர். அவர் வாய்விட்டுப் பாடின பாட்டு வேணும். அவர் என்ன பாடுவாரு?"

அவர் என்ன பாடுவார்? தெருவில் போகிற பேருந்தின் சுரம் தெரிந்தவளுக்கு, வீட்டில் இருக்கிற மனிதரின் பாட்டு ஒன்றுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். சூப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா இதைச் சொன்னபோது மகள் முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு சிரிப்பு.

"அப்பா பாடறதா? ஒரே பாட்டுதாம்மா. உனக்குத் தெரியாதா? எனக்குப் பல் முளைக்கறதுக்கு முன்னாடியிருந்து அதைத்தானே பாடினாரு. நீ கச்சேரிக்குப் போனா அது ஆரம்பிச்சிடும்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெல்லத் தட்டிக்கொண்டே பாடினாள்.

"மேல போகுது, மேல போகுது, மெதுவாப் போகுது. கதவ மூடு, கதவ மூடு, கண்ணையும் மூடு."

வாசலில் நின்ற அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. வழி தெரியாமல் தெருத் தெருவாகப் போகும் அதே ராகம். பழக்கதோஷத்தில் முகம் சுருங்கத் தொடங்கியது. அப்போது அவர் தலையைத் திருப்பினார். மகளின் வாயையே பார்த்தார். அவள் இரண்டாவது முறை பாடும்போது அவர் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. மூன்றாவது முறை, கரகரவென்று, எங்கிருந்தோ கிளம்பி வந்தது.

"கதவ மூடு."

மகள் நிறுத்தவில்லை. தட்டுவதையும் விடவில்லை. "கதவ மூடு" என்றார் அவர் மறுபடி. "கண்ணையும் மூடு." சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு நிறுத்தினார். யாரோ தன் வாயால் பேசிவிட்டது போல மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறிய கோணல் சிரிப்பு. அவள் சூப் கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, போர்வையெல்லாம் சூப்பாக்கி, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மகள் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். இனி அந்தப் பாட்டை டீச்சர்தான் பாட வேண்டும். எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்பவளுக்கு இது பிடிபடவில்லை. பாடினால் தன்னையறியாமல் சுரங்களைச் சரி செய்துவிடுவாள்; ராகம் அழகாகிவிடும்; அவர் புருவத்தைச் சுருக்கி, இது இல்லை என்று தலையாட்டுவார். பெடல் சார் பார்க்க வந்தபோது அவரை வீட்டுப் பியானோ முன் உட்காரவைத்தாள். பதிவு செய்து வைத்திருந்த மகளின் பாட்டைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். அவர் ஒரு கட்டையை அழுத்தினார், பக்கத்துக் கட்டையை அழுத்தினார், காலாட்டுவதை நிறுத்தினார்.

"டீச்சர், இது என் பியானோவுல இல்ல. கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவுல ஒரு சந்து இருந்தா, அங்க குடியிருக்கு."

ஆகவே மகளிடமே பாடம் கேட்டாள். மதியத்தில் மகளுக்கு நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். மகள் ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பாள்.

"அங்க ஏறக் கூடாதும்மா. ஏறப் போற மாதிரி போயிட்டு நின்னுடணும்."

"எங்க நிக்கறது? அங்க சுரமே இல்லையேடி."

"அதான். இல்லாத இடத்துல நில்லு. ம், இன்னும் கொஞ்சம் மோசமாப் பாடு. இன்னும். ஐயோ, மறுபடியும் நல்லாப் பாடிட்ட!"

இருவரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பாடியதில் ஒருநாள் தற்செயலாக அந்த இடம் அகப்பட்டது. மகள் மறுமுனையில் "அதேதான்!" என்று கத்தினாள். பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அதன் பிறகு அவள் தன் வித்தையை எல்லாம் அதில் இறக்கினாள். ராகத்தைத் தொடாமல் சொற்களை மட்டும் மாற்றினாள். கதவ மூடு என்ற இடத்தில் தண்ணி குடு. கண்ணையும் மூடு என்ற இடத்தில் கொஞ்சமாக் குடு. அவர் இடது கையைத் தட்டுவாள், மூச்சு எடுக்கவைப்பாள், முதல் எழுத்தை உதட்டில் வைத்துக் காத்திருப்பாள். அவசரப்பட மாட்டாள். சில நாள் வரும், சில நாள் கதவு இறுக மூடியிருக்கும். அவர் கோபப்பட்டால், "பரவாயில்லீங்க, என் பிள்ளைங்க எல்லாம் முதல் வருஷம் இதைவிட மோசம்" என்பாள்.

ஒரு பிற்பகல், தலையணையைத் தட்டி அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். சரியில்லையோ என்று எடுத்தாள், மறுபடி வைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், மருந்து எடுக்கத் திரும்பினாள். கட்டில் சட்டத்தில் டக் டக் என்று சத்தம். அவர் தாமாகவே இடது கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"தலகாணி வேணாம், தலகாணி வேணாம்" என்று பாடினார். கொஞ்சம் தேடினார். அவள் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். "நீ வந்து... நீ வந்து உக்காரு."

யாரும் சொல்லிக் கொடுக்காத சொற்கள். அவராகத் தேடி எடுத்துக் கொடுத்தவை. அவள் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியக் குழுவை நடத்துபவர் மறுபடியும் கூப்பிட்டபோது அவள் கணவரின் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். இல்லைங்க, முடியாதுங்க, மன்னிச்சுக்குங்க என்று அவள் சொல்லச் சொல்ல டக் டக் என்று தட்டும் சத்தம் வேகமானது.

"பாடப் போ, பாடப் போ, சும்மா சொல்லாத!"

"உங்கள யார் கிட்ட விட்டுட்டுப் போறது?" என்றாள் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு.

"நானும் வரேன், நானும் வரேன், கூட்டிட்டுப் போ."

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவர், "வீட்ல யாரோ பாடற மாதிரி இருக்கே?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர். நான் வரேன்னு சொல்றாரு."

கச்சேரி நாளன்று மேடைக்குப் பின்னால் நிற்கும்போது அவள் தோள் காதுவரை ஏறியிருந்தது. ஆயிரம் பிள்ளைகளைத் திட்டிய மூச்சு டீச்சருக்கு மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்க மறுத்தது. தானே தன்னைத் திட்டிக்கொண்டு, சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள். மேடைப் பணியாளர் ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். சுவர் நகரவில்லை, மூச்சு இறங்கியது.

முதல் பகுதியை அவள் பாடிய விதத்தைப் பெடல் சார் பல நாள் பேசிக்கொண்டிருந்தார். இருட்டான ஒரு வீட்டில் அறை அறையாக விளக்கேற்றிக்கொண்டு போன மாதிரி இருந்தது என்பார். கடைசிச் சுரம் அடங்கியதும் மண்டபம் முழுதும் ஓர் அமைதி. எல்லாப் பகுதியும் முடியும்வரை கைதட்டக் கூடாது என்பது வழக்கம். நடத்துபவர் கோலை உயர்த்தினார். அந்த அமைதியில், முன்வரிசை ஓரத்துச் சக்கர நாற்காலியிலிருந்து, கைப்பிடியைத் தட்டும் சத்தமும் ஒரு கரகரத்த குரலும் எழுந்தன.

"நல்லாப் போகுது, நல்லாப் போகுது..."

வரிசையே திரும்பியது. பக்கத்தில் இருந்த மகள் அவசரமாக அவர் கையைப் பிடித்தாள். நடத்துபவர் கோலை இறக்கவில்லை, திரும்பவும் இல்லை. உயர்த்திய கையோடு அப்படியே நின்று காத்திருந்தார்.

"...மேலயும் போகும்" என்று லிஃப்ட்காரர் முடித்தார்.

யாரோ சிரித்தார்கள். கேலியாக அல்ல. அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பெரிய மண்டபத்தில், அத்தனை வாத்தியங்கள் சுருதி கூட்டிக் காத்திருக்கும் இடத்தில், எந்தக் கட்டையிலும் இல்லாத அந்தச் சுரம் போய் உட்கார்ந்திருந்தது. அவள் முகம் சுருங்கவில்லை. கோல் இறங்கியது. சிரிப்பு இன்னும் மூச்சில் இருக்கும்போதே இரண்டாவது பகுதியை எடுத்தாள். துக்கமாகத் தொடங்க வேண்டிய வரி அது. அன்றைக்கு அது அப்படித் தொடங்கவில்லை, யாருக்கும் குறையாகவும் தெரியவில்லை.

அவருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பிவிடவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள் ராகம் இல்லாமலே வரத் தொடங்கின. நீளமாகச் சொல்ல வேண்டியது வந்தால் கை தானாகத் தட்டப் போய்விடும். கைத்தடியோடு நடந்தார். அவளுக்கு அதன் பிறகு இன்னும் சில பெரிய மேடைகள் கிடைத்தன. போனாள், பாடினாள், சந்தோஷப்பட்டாள். ஆனால் அந்த வருடம் அவள் விடுப்பு முடிந்து திரும்பியபோது துறைத்தலைவரிடம் கேட்டது மேடையைப் பற்றி அல்ல. வாரம் ஒரு காலை தன் அறை தனக்கு வேண்டும் என்று கேட்டாள். பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு இதே போலப் பேச்சிழந்தவர்கள் நிறையப் பேரைத் தெரிந்திருந்தது. அவர்களை அழைத்து வருவதாகச் சொன்னாள்.

"பாடத்திட்டத்துல என்ன பேர் போடறது?" என்றார் துறைத்தலைவர்.

"புதன்கிழமைன்னு போடுங்க சார். வர்றவங்களுக்கு அதுவே சொல்லக் கஷ்டம்."

அவர் புரிந்துகொண்டு சிரித்தார். அறை கிடைத்தது.

புதன்கிழமைகளில் அவளுடைய லிஃப்ட்காரர்தான் உதவியாளர். வருகிறவர்கள் எந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடினார்கள் என்று கண்டுபிடிப்பது பயிற்சிப் பெண்ணின் வேலை. வீட்டில் போய் விசாரித்துவிட்டு வருவாள். குரலை வெளியே கொண்டுவருவது டீச்சரின் வேலை. எதிரே உட்கார்ந்து இடது கையால் மேசையைத் தட்டுவது அவர் வேலை. அதில் யாரும் அவரை அடித்துக்கொள்ள முடியாது.

ஒரு தையற்காரம்மா வந்தாள். வாயாடி என்று பேர் எடுத்தவளாம். இப்போது சரி என்ற ஒரே சொல்தான் மிச்சம். எதைக் கேட்டாலும் சரி. அவளுடைய கணவர் சாதுவான மனிதர். அவளை உள்ளே விட்டுவிட்டு நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தையல் இயந்திரத்தை மிதிக்கும்போது அவள் ஏதோ முனகுவாள் என்று அந்தக் கணவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். லிஃப்ட்காரர் அதைக் கேட்டு, விரல்களால் கடகடவென்று மேசையில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பியானோ முன் இருந்த பெடல் சார் கீழே காலால் மிதித்தார். தையற்காரம்மாவின் கால் தானாக ஆடத் தொடங்கியது. தலை ஆடியது. முனகல் வந்தது. டீச்சர் குனிந்து அவள் முகத்தருகே அதே முனகலைப் பிடித்துக்கொண்டாள், ஒரு மயிரிழைகூடத் திருத்தாமல்.

"குட எங்க வெச்ச" என்றாள் தையற்காரம்மா.

மேசையும் காலும் நிற்கவில்லை.

"குட எங்க வெச்ச, குட எங்க வெச்ச, எப்பப் பாரு இதே வேல!"

கதவு திறந்தது. அவளுடைய கணவர் நின்றுகொண்டிருந்தார். கையில் நனைந்த குடை, நடையெல்லாம் சொட்டிய தண்ணீர். கண்ணில் நீர் வழிவதைத் துடைக்கவும் தோன்றாமல் மனைவியைப் பார்த்தார், பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், இன்னொரு தடவை திட்டச் சொல்லுங்க" என்றார்.

தையற்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். குடையைப் பார்த்தாள், ஈரத் தரையைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. இந்த முறை குடையோடு நிறுத்தாமல், சேறாகிக் கிடந்த அவருடைய செருப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.